துண்டுகளுக்கு ஓர் இலக்கணம்: ரோஸ்மேரி கிராம்ப்பின் ஆய்வு வாழ்க்கை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சில் இடம்பெற்ற சில விலகல்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



இடைக்கால வரலாற்றில் விருப்பமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தீர்கள். நான் ஓர் ஆய்வாளரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். ரோஸ்மேரி கிராம்ப் 1929 மே மாதம் லெஸ்டர்ஷர் பகுதியின் கிரேனோ என்னும் சிற்றூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். 2023 ஏப்ரலில், தம் 93ஆம் வயதில் காலமானார். ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தின் தொல்லியலை இன்று யார் படித்தாலும், அவர் வகுத்த சொற்களைப் பயன்படுத்தாமல் இரண்டு பக்கம் நகர முடியாது. ஆயினும் தொல்லியல் உலகுக்கு வெளியே அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

காரணம் எளிது. தொல்லியலில் பெரும்புகழ் புதையலுக்கே போய்ச் சேரும். 1939இல் சஃபோக் பகுதியின் சட்டன் ஹூவில் ஒரு மண்மேட்டின் அடியில் கப்பல் புதையல் கிடைத்தது; தங்கமும் வெள்ளியும் தலைக்கவசமும் வெளிவந்தன. உலகமே திரும்பிப் பார்த்தது. கிராம்ப்புக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அவர் கைக்கு வந்தவை துண்டுகள். விரல்நகத்தளவு கண்ணாடிச் சில்லுகள், வண்ணம் ஒட்டிய சாந்துக் கட்டிகள், சுவருக்குள் செருகப்பட்டுக் கிடந்த சிலுவைக் கற்களின் உடைசல்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றோடு அவர் என்ன செய்தார் என்பதே இன்றைய பேச்சு.

என் மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றுகள் சிதைந்து கிடக்கும் ஒரு காலத்தை ஆராய்வோருக்கு, ஒரு துண்டைத் துல்லியமாக விவரிப்பது சிந்தனையின் முதன்மையான பணி. விளக்கம் எழுதும் அறிஞருக்கு முன்னால் யாரோ செய்து முடிக்க வேண்டிய எடுபிடி வேலையாக அதைக் கருதும் பழக்கம் நம் துறைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. கிராம்ப்பின் வாழ்க்கை அந்தப் பழக்கத்துக்கு எதிரான வலுவான சான்று. இதை ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

1. இலக்கியத்திலிருந்து பொருளுக்கு

சிறுமியாக இருந்தபோதே தந்தையின் நிலத்தில் ரோமானிய மாளிகை ஒன்றின் எச்சங்களைக் கண்டவர் கிராம்ப். ஆனாலும் அவர் ஆக்ஸ்ஃபர்டில் படித்தது ஆங்கில இலக்கியம். தாம் படித்த செயின்ட் ஆன்ஸ் கல்லூரியிலேயே 1950 முதல் சில ஆண்டுகள் கற்பித்தார். 1955இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டே அங்கே தொல்லியல் துறை அவரால் உருப்பெற்றது. 1971இல் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் அவரே. 1990இல் ஓய்வு பெற்றார். பதவிகளையும் விருதுகளையும் இதற்குமேல் அடுக்க விரும்பவில்லை. இலக்கிய மாணவியாக இருந்தது அவருடைய தொல்லியலை எப்படி வடிவமைத்தது என்பதே நமக்கு முக்கியம்.

1957இல் இடைக்காலத் தொல்லியலுக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. அதன் முதல் தொகுதியிலேயே பேயோவுல்ஃப் காவியத்தையும் தொல்லியலையும் இணைத்து அவர் எழுதிய கட்டுரை வந்தது. பேயோவுல்ஃப், 3,182 அடிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காவியம். அதன் ஒரே கையெழுத்துப் படி ஏறத்தாழ 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காவியம் எப்போது இயற்றப்பட்டது என்பதில் அன்றும் இன்றும் உடன்பாடு இல்லை. சட்டன் ஹூ கிடைத்த பிறகு, காவியத்தில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் மண்ணிலிருந்து ஒரு படம் எடுத்து ஒட்டிவிடும் ஆர்வம் பலருக்கும் வந்தது.

கிராம்ப் வேறு வழியில் போனார். வாள், தலைக்கவசம், மண்டபம் என்று தனித்தனியே எடுத்துக்கொண்டார். காட்டுப்பன்றி உருவம் பொறித்த தலைக்கவசங்கள் காவியத்தில் வருகின்றன. டார்பிஷர் பகுதியின் பென்டி கிரேஞ்சில் 1848இலேயே, உச்சியில் பன்றி உருவம் நிற்கும் கவசம் ஒன்று கிடைத்திருந்தது. மரத்தாலான பெருமண்டபம் காவியத்தின் நடுநாயகம். அப்போதுதான் நார்தம்பர்லாந்தின் ஈவரிங்கில் பிரையன் ஹோப்-டெய்லர் அரச மண்டபங்களின் தூண்குழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். இப்படி ஒவ்வொன்றிலும் பொருத்தம் இருப்பது தெரிந்தது. எனினும் ஒரு பொருள் கவிஞனுக்குத் தலைமுறைகள் முந்தியதாகவும் இருக்கலாம், பாட்டன் வாள் பேரன் இடுப்பில் தொங்கலாம். ஆகவே பொருளின் காலம் பாட்டின் காலம் ஆகிவிடாது. பாட்டைப் பாட்டாகவும் மண்ணை மண்ணாகவும் முதலில் தனித்தனியே விவரித்துவிட்டுப் பிறகே அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு வயதில் கைவந்த இந்த ஒழுங்கைக் கடைசிவரை அவர் விடவில்லை.

2. நூல் சொல்லாத தரை

இனி அவருடைய பெரிய களத்துக்கு வருகிறேன். வடகிழக்கு இங்கிலாந்தில் வேர் ஆற்றின் முகத்துவாரத்தில் மங்க்வேர்மத், அதற்கு வடக்கே டைன் ஆற்றங்கரையில் ஜாரோ. நார்தம்பிரிய மன்னன் எக்ஃப்ரித் வழங்கிய நிலத்தில் பெனடிக்ட் பிஸ்கப் என்னும் துறவி 674ஆம் ஆண்டளவில் முதல் மடத்தையும், 680களின் தொடக்கத்தில் இரண்டாவதையும் நிறுவினார். இரண்டு இடங்களில் இயங்கிய ஒரே மடமாகவே அவை கருதப்பட்டன. ஏழு வயதில் அங்கே ஒப்படைக்கப்பட்ட சிறுவன்தான் பீட். ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை 731இல் எழுதி முடித்து, 735இல் மறைந்த பெரும் அறிஞர். இன்று ஃப்ளாரன்ஸ் நகரின் லாரென்ஷியன் நூலகத்தில் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோலேடுகள் கொண்ட பெருவிவிலியம் இந்த மடத்தில்தான் எழுதப்பட்டது. 716இல் மடத்தலைவர் செயோல்ஃப்ரித் அதை ரோமுக்குக் கொண்டுசெல்லப் புறப்பட்டு, வழியில் லாங்ரஸில் உயிர் நீத்தார்.

பீட் தம் மடத்தின் தலைவர்களைப் பற்றியே தனி நூல் எழுதியிருக்கிறார். எனவே இவ்விடங்களைத் தோண்டுபவருக்கு ஓர் ஆபத்து உண்டு. நூல் முன்னமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, மண்ணில் அதை உறுதிசெய்தால் போதும் என்ற மயக்கம்தான் அது. மங்க்வேர்மத்தில் 1959 முதல் 1974 வரையும் ஜாரோவில் 1963 முதல் 1978 வரையும் கிராம்ப் அகழாய்வு நடத்தினார். நிலமோ எளிதில் இடம் கொடுக்கும் நிலம் அன்று. கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரிச் சுரங்கமும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருக்கியடித்த தொழில்நகரப் பகுதி. பிற்காலக் கல்லறைகளும் அடித்தளங்களும் சாக்சன் அடுக்குகளை வெட்டிச் சென்றிருந்தன.

தரைக்கு மேலே நின்றவை சில உண்டு. மங்க்வேர்மத்தின் மேற்குக் கோபுரத்து நுழைவாயிலில் பின்னிப் பிணைந்த விலங்குருவங்கள் இன்றும் தெரிகின்றன. ஜாரோ ஆலயத்தில் 685 ஏப்ரல் 23ஐக் குறிக்கும் அர்ப்பணிப்புக் கல்வெட்டு இருக்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் ஆலய அர்ப்பணிப்புக் கல்வெட்டுகளில் அதுவே மிகப் பழையது. ஆனால் துறவியர் எங்கே உண்டார்கள், எங்கே கூடினார்கள், எந்தத் தரையில் நடந்தார்கள் என்பதை பீட் நமக்கு விவரிக்கவில்லை. கூட இருந்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய செய்தியும் அன்று.

ஜாரோவில், ஆலயத்துக்குத் தெற்கே, அதற்கு இணையாக ஒரே வரிசையில் இரண்டு நீண்ட கற்கட்டடங்களின் அடித்தளங்களை அவர் வெளிக்கொணர்ந்தார். ஒன்று உணவுக்கூடம், மற்றொன்று கூடுமிடம் என்பது அவர் தந்த விளக்கம். இரண்டாவதன் கிழக்கு முனையில் சிறு அறைகள் தடுக்கப்பட்டிருந்தன. உடைத்த செங்கல் கலந்த சாந்துத் தரை, ரோமானிய மரபை அப்படியே நினைவூட்டுவது. ஆற்றை நோக்கிச் சரியும் நிலத்தில் வேறொரு கட்டடம். மங்க்வேர்மத்தில் ஆலயத்திலிருந்து தெற்கே நீளும் கூரையிட்ட நடைபாதை. பிற்கால ஐரோப்பிய மடங்களின் நாற்கட்டு முற்றம் இங்கே இல்லை. அந்த அமைப்பு உறுதிப்படுவதற்கு முந்திய ஒரு தலைமுறை, ரோமில் பார்த்ததையும் கால் நாட்டில் (ஏறத்தாழ இன்றைய ஃபிரான்ஸ்) பார்த்ததையும் உள்ளூர் மண்டப மரபையும் சேர்த்துத் தனக்கென ஒரு திட்டத்தை வகுத்திருந்தது. இது எந்த நூலிலும் இல்லாத செய்தி. சுவரின் அகலத்தையும் சாந்தின் கலவையையும் தரையின் தடிமனையும் பொறுமையாக எழுதி வைத்ததால் மட்டுமே கிடைத்த செய்தி.

3. கண்ணாடி

இந்தக் கூறுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள், ஏனெனில் என் கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

பிஸ்கப் கால் நாட்டிலிருந்து கல்தச்சர்களை வரவழைத்தார். பிறகு கண்ணாடி செய்வோரையும் வரவழைத்தார். அவர்கள் சாளரங்களுக்குக் கண்ணாடி பொருத்தியதோடு உள்ளூர் மக்களுக்கும் அத்தொழிலைக் கற்பித்தார்கள் என்று பீட் குறிப்பிடுகிறார். நூலோடு நின்றிருந்தால் இதைத் துறவி ஒருவர் தம் நிறுவனரைப் புகழ்ந்த வாசகமாகப் படித்துவிட்டுப் போயிருக்கலாம். கிராம்ப்பின் களங்கள் இரண்டிலும் நூற்றுக்கணக்கில் சாளரக் கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. நீலம், பச்சை, தேன் நிறம், சிவப்பு. அவற்றைக் கவ்விப் பிடித்த ஈயப் பட்டைகளும் கிடைத்தன. பட்டையின் பள்ளத்தில் பொருந்துமாறு விளிம்பு கொத்திச் சீராக்கிய சில்லுகள், எந்த வடிவத்தில் வெட்டப்பட்டன என்பதை இன்னும் காட்டுகின்றன.

ஒவ்வொரு சில்லும் கிடைத்த இடம், நிறம், தடிமன், விளிம்பின் வெட்டு எல்லாம் பதிவாயின. அந்தப் பதிவிலிருந்து எழுந்தது பீட் சொல்லாத ஓர் உண்மை. கண்ணாடி ஆலயத்தோடு நிற்கவில்லை. ஜாரோவில் துறவியர் வாழ்ந்து உண்டு கூடிய கட்டடங்களின் பக்கமும் வண்ணச் சாளரங்கள் இருந்தன. மரவீடுகள் நிறைந்த ஒரு நாட்டில், வடகடல் காற்று வீசும் கரையில், சாப்பிடும் கூடத்துத் தரையில் நீலமும் தேன்நிறமுமாக ஒளி விழுந்திருக்கிறது. வண்ணச் சாந்துச் சுவர்களும் கடைசலில் திரட்டியது போன்ற கல் தூண்களும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்போது, அந்த மடத்தைப் பற்றி நாம் கொண்டிருந்த இருண்ட, குளிர்ந்த எண்ணமே மாறிவிடுகிறது. இன்றும் ஜாரோ ஆலயத்தின் பழைய பகுதியில் ஒரு சிறு சாளரத்தில் அந்த ஏழாம் நூற்றாண்டுக் கண்ணாடியைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பகலில் போனால் ஒளி ஊடுருவுவதைப் பார்க்கலாம்.

ஒரு சில்லை மட்டும் எடுத்து அழகு பார்த்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. அழகற்றவை, மிகச் சிறியவை, நிறம் மங்கியவை உட்பட எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் விவரித்ததால்தான், அவை எங்கே குவிந்தன, எங்கே இல்லை என்று கேட்க முடிந்தது.

4. பிறர் தோண்டியதும், தாம் தோண்டியதும்

யார்க்ஷர் கடற்கரையின் விட்பி, ஏழாம் நூற்றாண்டில் ஹில்டா என்னும் அம்மையார் தலைமை தாங்கிய மடம். 1920களில் அங்கே பெரும்பரப்பு தோண்டப்பட்டது. பொருள்கள் ஏராளமாக வந்தன. மண்ணடுக்குகளோ போதிய பதிவின்றி அழிந்தன. அறிக்கை 1943இல்தான் வந்தது. அதை இனி எதற்கும் பயன்படாது என்று ஒதுக்கியிருக்கலாம். கிராம்ப் அந்த அகழாய்வின் பொருள் பதிவேட்டையும் இட வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, எது எந்த இடத்தில் கிடைத்தது என்று மீண்டும் ஒழுங்குபடுத்திப் பார்த்தார். அந்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. பிறருடைய குறைப்பட்ட குறிப்பையும் வாசிக்கத் தகுந்த ஒரு துண்டாக மதித்த செயல் அது. புதிதாக ஒரு குழி வெட்டுவதைவிடப் புகழ் குறைந்த வேலை. மாணவர்களே, நான் இதை மிகவும் மதிக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் பேசியாக வேண்டும். மங்க்வேர்மத், ஜாரோ அகழாய்வுகள் 1978இல் முடிந்தன. முழு அறிக்கையின் இரண்டு தொகுதிகள் வந்தது 2005இலும் 2006இலும். முதனிலை அறிக்கைகள் நடுவில் வந்தன என்பது உண்மை. 1969இல் வந்தது குறிப்பிடத்தக்கது. என்றாலும் இருபத்தேழு ஆண்டுகள் நீண்ட காலம். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் சுருக்கங்களை வைத்தே வாதாட வேண்டியிருந்தது. விவரிப்பே முதற்பணி என்று நான் வாதிடுவதால், விவரிப்பு தாமதமாவதன் இழப்பையும் நான் ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் அவர் அதை விட்டுவிடவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், எழுபது வயதைக் கடந்த நிலையில், மண்கலம், கண்ணாடி, எலும்பு, கல், நாணயம் எனப் பல துறை வல்லுநர்களின் பங்களிப்பையும் திரட்டி முடித்தார். ஸ்காட்லாந்து எல்லையருகே ஹெர்சலில் 1979 முதல் 1984 வரை தோண்டிய சிற்றாலயத்தின் அறிக்கை 2014இல் வந்தபோது அவருக்கு வயது 85. தோண்டியவர் மறைந்த பிறகு குறிப்புப் புத்தகங்கள் பெட்டிகளில் உறங்கும் களங்கள் உலகெங்கும் எத்தனையோ உள்ளன. தம் களங்களுக்கு அந்த நிலை வர அவர் விடவில்லை.

5. கற்களின் இலக்கணம்

எட்டாம் நூற்றாண்டு முதல் நார்தம்பிரியாவிலும் பிறகு நாடெங்கும் ஆள் உயரத்தையும் கடந்த கற்சிலுவைகள் எழுந்தன. நான்கு முகங்களிலும் கொடிகள், விலங்குகள், முடிச்சுப் பின்னல்கள், மனித உருவங்கள். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் நார்மன்கள் ஆலயங்களை இடித்துக் கட்டியபோது பல சிலுவைகள் உடைந்து சுவர்க் கற்களாயின. 19ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்புகளின்போது அவை மீண்டும் வெளிவந்தன. ஆலய மூலைகளில், தாழ்வாரங்களில், டர்ஹாம் பேராலயத்தின் பழைய துறவியர் துயிற்கூடத்தில் அவை வரிசையாக நிறுத்தப்பட்டன.

இவற்றை முதலில் ஒட்டுமொத்தமாக நோக்கிய பெரியவர் டபிள்யூ. ஜி. காலிங்வுட். 1927இல் அவருடைய நூல் வந்தது. அவர் ஓவியர், கற்களைத் தம் கையாலேயே வரைந்தார். அந்த வரைபடங்களின் அழகு மறக்க முடியாதது. ஆனால் ஓவியரின் கை, தேய்ந்த கோட்டையும் தெளிவான கோட்டையும் ஒரே உறுதியோடு இழுத்துவிடும். அதோடு, ஒரே பின்னலை ஓர் ஆய்வாளர் ஒரு பெயராலும் அடுத்தவர் வேறு பெயராலும் அழைத்தனர். இரு கற்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் நேரில் சென்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பிரிட்டிஷ் அகாடமியின் ஆதரவில் ஆங்கிலோ-சாக்சன் கற்சிற்பங்கள் அனைத்தையும் பகுதி பகுதியாகத் தொகுக்கும் பெருந்திட்டத்தைக் கிராம்ப் தொடங்கி, பொதுப் பதிப்பாசிரியராக நடத்தினார். டர்ஹாம், நார்தம்பர்லாந்து பற்றிய முதல் தொகுதியை அவரே எழுதி 1984இல் வெளியிட்டார். தொகுதி வரிசைக்கான பொது முன்னுரைக்கு ஆங்கிலோ-சாக்சன் அலங்கார இலக்கணம் என்று பெயரிட்டார். பெயருக்கு ஏற்றபடியே அது விதிகளின் நூல். சிலுவைத் தலையின் கைகள் எப்படி வளைகின்றன, எப்படி முடிகின்றன என்பதற்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு. பின்னல்களுக்கு அடிப்படை வகைகள். செதுக்கும் முறைக்குத் தனிச் சொற்கள்: கீறியது, பள்ளமிட்டது, மேடாக்கியது, உருத்திரட்டியது. கல்லின் நான்கு முகங்களுக்கும் ஏ, பி, சி, டி என்று நிலையான பெயர்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கல் இப்போது எங்கே இருக்கிறது, எப்போது, எப்படிக் கண்டெடுக்கப்பட்டது, அளவுகள், கல்லின் வகை, இன்றைய நிலை, பிறகு முகம் முகமாக விவரிப்பு. அதன் பின்னரே விவாதம். கடைசியில் காலம். வரிசையைக் கவனியுங்கள். காலம் கடைசியில்தான் வருகிறது. நாளை ஒருவர் அந்தக் காலக்கணிப்பை மறுக்கலாம். அதற்கு மேலே உள்ள விவரிப்பு அவருக்கும் அப்படியே பயன்படும். தம் முடிவைத் தம் சான்றிலிருந்து பிரித்து வைத்து, எதிர்வாதம் செய்பவருக்கும் ஆயுதம் கொடுத்திருக்கிறார் கிராம்ப். கல்லின் வகையை நிலவியலாளரைக் கொண்டு உறுதிசெய்ததால், எந்தக் கல் அருகிலிருந்த பாறையில் வெட்டியது, எது ரோமானியக் கட்டடத்திலிருந்து எடுத்து மறுபடி செதுக்கியது என்றும் கேட்க வழி பிறந்தது.

இலக்கணம் பொதுவானபோது எழுத்தாளர்கள் பெருகினார்கள். இரண்டாம் தொகுதியை ரிச்சர்ட் பெய்லியோடு சேர்ந்து 1988இல் கொண்டுவந்தார். யார்க்கும் கிழக்கு யார்க்ஷரும் ஜேம்ஸ் லாங்கின் கையில் 1991இல் வந்தன. தென்மேற்கு இங்கிலாந்துத் தொகுதியைக் கிராம்ப்பே 2006இல், ஜாரோ அறிக்கையின் இரண்டாம் தொகுதி வந்த அதே ஆண்டில் வெளியிட்டார். டார்பிஷர், ஸ்டாஃபர்ட்ஷர் பற்றிய பதின்மூன்றாம் தொகுதி 2018இல் வந்தது. வெவ்வேறு கைகள், வெவ்வேறு பத்தாண்டுகள். ஆனால் கார்ன்வாலில் உள்ள ஒரு கல்லையும் கம்பர்லாந்தில் உள்ள ஒரு கல்லையும் ஒரே மொழியில் படிக்கலாம். ஒரே வார்ப்புருவைப் பயன்படுத்திய பட்டறைகள் எவை, ஓர் அலங்காரம் எந்தப் பாதையில் பரவியது என்பன போன்ற கேள்விகளை இப்போது மாணவர் ஒருவர் தம் மேசையிலிருந்தே தொடங்க முடிகிறது. தொகுதிகள் பலவும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இந்தத் தொகுதிகளைத் திறக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னிணைப்புகளைத் தவறவிடாதீர்கள். சாக்சன் காலமா நார்மன் காலமா என்று உறுதிசெய்ய இயலாத கற்களுக்கு அங்கே ஒரு பட்டியல் உண்டு. முன்னோர் தவறாக இக்காலத்ததென்று எண்ணியவற்றுக்கு ஒன்று. பழைய குறிப்புகளில் மட்டும் வாழ்ந்து, இன்று காணாமற்போன கற்களுக்கு ஒன்று. அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ள ஏதேனும் ஒரு கல், ஏதோ ஒரு பண்ணைச் சுவரிலோ தோட்டத்துப் படிக்கட்டிலோ மீண்டும் தென்பட்டால், அது எந்த ஊர்ப் பதிவில் சேர வேண்டும், அதைப் பற்றி இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே அங்கே எழுதப்பட்டிருக்கிறது.